காலத்தே பிறக்க வேண்டிய தீப்பொறி

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதையடுத்து வடக்கின் மீதான பொருளாதாரத் தடை இறுகியபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஆயினும் வீதிகளில் கார்கள் ஓடவே செய்தன. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயைக் குடிக்க விட்டனர். இதனைப் பலரும் வியந்து பேசியுள்ளனர். ஆனால் அது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பது அதிகம் பேசப்படவில்லை. அதற்கான விடையின் முக்கிய பகுதி, கராஜ்களில் 'ரைமிங்' எனப்படும் நுட்பத்தில் அடங்கியுள்ளது.

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்த ஆவியைப் பிஸ்ரன் மேலெழுந்து அமுக்குகிறது. பிளக்கில் பிறக்கும் தீப்பொறி அதனைப் பற்றவைக்கிறது. பிஸ்ரன் உச்சியை அடையும் கணத்தில் தீப்பொறி பிறந்தால் போதுமென எண்ணத் தோன்றும். அது சரியன்று. ஆவி முழுவதும் எரிய ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரு பங்கு நேரம் செல்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் இயந்திரத்தின் கிராங் தண்டு அந்நேரத்தில் 36 பாகை திரும்பிவிடும். உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 15 பாகையில் அமுக்கம் உச்சம் பெற்றால்தான் பிஸ்ரனுக்கு முழு உதைப்பும் கிடைக்கும். ஆகவே தீப்பொறி முன்கூட்டியே பிறக்க வேண்டும். நிமிடத்துக்கு 600 சுற்றில் மெதுவாக ஓடும்போதோ அதே நேரத்தில் தண்டு 7 பாகையே திரும்புகிறது. எனவே அப்போது சிறிது முந்தினால் போதுமானது.

தீப்பொறி பிந்தினால் வலு குறையும், இயந்திரம் சூடேறும், எரிபொருள் வீணாகும். அளவுக்கு மீறி முந்தினால், மேலெழும் பிஸ்ரனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும். 'டக் டக்' என்ற உலோக ஒலி எழும். நாளடைவில் பிஸ்ரனே சேதமுறும். 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்ட் ரி காரில் இதனைச் சாரதியே சுக்கானருகில் இருந்த நெம்புகோலால் மாற்ற வேண்டியிருந்தது. அதனைப் பின்தள்ள மறந்து, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை இயக்க முற்பட்டவர்களில் கை முறிந்தோரும் உண்டு. பின்வந்த கார்களில், வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப முந்தும் பிந்தும் பணியை டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள சிறு எடைகளும் வெற்றிட அமைப்பும் ஏற்றுக்கொண்டன. ஆனால் தொடக்கப் புள்ளியை மனிதக் கையே நிர்ணயிக்க வேண்டியிருந்தது.

மொறிஸ் மைனர் போன்ற கார்களில் முதலில் டிஸ்ரிபியூட்டரின் 'பொயின்ற்' இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்காக அமைப்பர். அடுத்து முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைப் பெருவிரலால் மூடியவாறு இயந்திரத்தைக் கையால் சுழற்றுவர். காற்று விரலைத் தள்ளினால் அது அமுக்க வீச்சு. கப்பியிலுள்ள அடையாளத்தை உரிய பாகைக்குக் கொண்டுவந்தபின், டிஸ்ரிபியூட்டரின் தாழழுத்த முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்து மின்சாரத்தைத் திறப்பர். பின்னர் டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, அதனை மெல்லத் திருப்புவர். பல்பு ஒளிரும் கணமே தீப்பொறி பிறக்கும் கணம். அந்நிலையில் பிடியை இறுக்கினால் வேலை முடிந்தது.

ஆயினும் கைநூலில் அச்சிடப்பட்ட பாகை, குறித்த தரமுடைய பெற்றோலைக் கருதியே கூறப்பட்டது. எரிபொருள் மாறினால் அந்த எண் பயனற்றதாகிவிடும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலினதை விட மிகக் குறைவு. அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் அது எளிதில் தானே வெடித்துவிடும். ஆகவே மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்குத் தீப்பொறியைப் பின்தள்ள வேண்டும். எவ்வளவு பின்தள்ளுவது என்பதற்கு எந்தக் கைநூலும் உதவவில்லை. டிஸ்ரிபியூட்டரைச் சிறிது திருப்பி, ஓட்டிப் பார்த்து, சுமை ஏறும்போது 'டக் டக்' ஒலி எழுகிறதா எனச் செவிமடுத்தே அதனைக் கண்டறிய வேண்டும். தாழ்ந்த அமுக்க விகிதமுடைய பழைய இயந்திரங்கள் இதற்கு இடங்கொடுத்தன. அதற்கான விலையும் இருந்தது. வலு குறைந்தது; புகை மிகுந்தது; எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது.

இன்றைய கார்களில் டிஸ்ரிபியூட்டர் இல்லை. தீப்பொறியின் நேரத்தைக் கணினி தீர்மானிக்கிறது. அதிர்வை உணரும் கருவி, வெடிப்பொலி எழத் தொடங்கியதுமே அதனைப் பின்தள்ளுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 92 அல்லது 95 ஒக்ரேன் பெற்றோலைக் கருதி அமைக்கப்பட்ட உயர் அமுக்க இயந்திரத்தில் மண்ணெண்ணெயைக் கலப்பது, இயந்திரத்தையும் கழிவுவாயுவைச் சுத்திகரிக்கும் வினையூக்கியையும் ஒருங்கே கெடுப்பதாகும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. அன்று குடாநாட்டில் செய்ததை இனியொரு நெருக்கடியிலும் செய்துவிடலாம் என எவரும் நம்பிவிடக்கூடாது.

அவ்வாறாயின் அந்தப் பழைய அறிவு இனிப் பயனற்றதா? அன்று. கைநூலின் எண்ணுக்கு அப்பால் அதன் காரணத்தை விளங்கியிருந்தவர்களால்தான் எரிபொருள் மாறியபோதும் கார்களை ஓடச் செய்ய முடிந்தது. எண்ணை மட்டும் அறிந்தவர்களுக்கு அது இயன்றிராது. இன்று கணினித் திரை காட்டும் குறியீட்டை வாசிக்கும் இளம் தொழில்நுட்பவியலாளருக்கும் இதுவே பாடம். அந்நாளைய திருத்துநர்களின் செவியிலும் கையிலும் தங்கிய அந்த அறிவு பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை. அவர்களோ முதுமையடைந்து வருகின்றனர். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே எமது தொழில்நுட்பக் கல்லூரிகள் அவர்களை அழைத்துக் கேட்டு, அந்த அனுபவத்தைப் பதிவுசெய்ய வேண்டும். தீப்பொறியைப் போலவே இப்பணியும் பிந்தினால் பயன் குன்றும்.