கிட்டார் ஆம்ப்பில் இரைச்சலா? நாய்ஸ் கேட் எதைச் சரிசெய்யும், எதை மறைத்துவிடும்?

கொச்சிக்கு வேலை மாறி வந்து, மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் மாட்டி, கெய்னை முக்கால்வாசி ஏற்றுகிறீர்கள். வாசிக்கும்போது அட்டகாசமாக இருக்கிறது. கையை நிறுத்தினால் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல், அதற்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல்.

நண்பர்களிடம் கேட்டால் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, நாய்ஸ் கேட் வாங்கு. இன்னொன்று, பிளக்கில் இருக்கும் எர்த் பின்னைக் கழற்றிவிடு. முதல் யோசனை பாதி சரி. இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

கெய்ன் ஏறினால் ஏன் இரைச்சல் ஏறுகிறது?

புரிவதற்காக ஓர் எளிய கணக்கு. கிட்டாரிலிருந்து 100 மில்லிவோல்ட் வருகிறது, கூடவே இரைச்சல் 0.1 மில்லிவோல்ட். அதாவது வாசிப்பு 1000 மடங்கு பெரியது. ஆம்ப் இரண்டையும் 1000 மடங்கு பெருக்கினால் வாசிப்பு 100 வோல்ட்டைத் தொட வேண்டும். ஆனால் அந்தச் சர்க்யூட் 10 வோல்ட்டுக்கு மேல் போகாது என்று வைத்தால், அலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டுதான் டிஸ்டார்ஷன். இரைச்சலோ தடையில்லாமல் 0.1 வோல்ட்டுக்கு வளர்ந்துவிடும்.

இப்போது வித்தியாசம் 1000 மடங்கல்ல, 100 மடங்குதான். டெசிபெல் கணக்கில் 60 ஆக இருந்தது 40 ஆகிவிட்டது. உங்கள் ஆம்ப் ரிப்பேர் என்று அர்த்தம் இல்லை. ஹை கெய்ன் என்றாலே இப்படித்தான்.

நாய்ஸ் கேட் என்ன செய்கிறது?

பெயரிலேயே பதில் இருக்கு. அது ஒரு கதவு. சத்தம் நீங்கள் வைத்த அளவுக்குக் கீழே போனால் மூடும், மேலே வந்தால் திறக்கும். அந்த அளவின் பெயர் த்ரெஷோல்ட். வாசிப்பிலிருந்து இரைச்சலைப் பிரித்தெடுக்க அதற்குத் தெரியாது. நீங்கள் வாசிக்கும்போது இரைச்சலும் கூடவே உள்ளே வரும். வாசிப்பின் சத்தத்தில் அது நம் காதுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கேட்டை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மட்டும் வைத்தால், ஆம்ப்பின் ப்ரீஆம்ப்பில் பிறக்கும் 'உஸ்' அப்படியே இருக்கும். ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் இருந்தால் கேட்டை அங்கே, டிலே, ரிவர்ப் பெடல்களுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் எதிரொலியின் வாலையும் வெட்டிவிடும். 1987ல் வந்த பாஸ் என்எஸ்-2 போன்ற பெடல்களில் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள் உண்டு. அவற்றின் வழியாக நான்கு கேபிளில் இணைத்தால், கேட் கிட்டாரின் சுத்தமான சிக்னலைக் கேட்டு முடிவெடுக்கும், ஆனால் ப்ரீஆம்ப்பின் இரைச்சலையும் சேர்த்து மூடும்.

கமகம் வெட்டுப்பட்டால்?

மதர்ஜேன் 1996ல் கொச்சியில் தொடங்கிய ராக் பேண்ட். அதில் பைஜு தர்மஜன் வாசித்த கிட்டாரை 2008ல் வந்த 'மக்தூப்' ஆல்பத்தில் கேட்டுப் பாருங்கள். கர்நாடக இசையின் கமகத்தை டிஸ்டார்ஷனுக்குள் கொண்டுவந்த வாசிப்பு அது. இந்த மாதிரி வாசிக்க ஆசைப்பட்டால் கேட் உங்களுக்கு எதிரியாகலாம். கார்வை மெல்லத் தேயும் நேரத்தில், அதுவும் இரைச்சல்தான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். சத்தம் அந்த எல்லையிலேயே ஊசலாடினால், கதவு படபடவென்று திறந்து மூடும்.

செட் பண்ணும் முறை இதுதான். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் வால்யூமையும் கெய்னையும் முதலில் வையுங்கள். த்ரெஷோல்டைப் பூஜ்யத்தில் வைத்து, தந்திகளைக் கையால் அமுக்கிக்கொண்டு, 'உஸ்' நிற்கும் வரை மெதுவாக ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஒரு நீண்ட ஸ்வரம் வாசியுங்கள். வால் வெட்டுப்பட்டால் டிகேயைக் கூட்டுங்கள். மெட்டல் ரிஃப் என்றால் டிகே குறைவாக இருப்பதே நல்லது. இரண்டுக்கும் ஒரே செட்டிங் ஒத்துவராவிட்டால் கெய்னைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

உறுமல் எங்கிருந்து வருகிறது?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 'ம்ம்ம்' என்ற உறுமல் பெரும்பாலும் அதுவோ, அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸோதான். கேட் வாங்கும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். உறுமல் நின்றால் அது பிக்கப் வழியாக வருகிறது. நின்ற இடத்திலேயே திரும்பிப் பாருங்கள். உறுமல் கூடிக் குறைந்தால், பக்கத்திலுள்ள அடாப்டரிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ தள்ளி உட்காருங்கள். ஆம்ப்பிலிருந்து கேபிளையே கழற்றிய பிறகும் உறுமினால், ஆம்ப்பையும் பிளக் பாயிண்ட்டையும் பார்க்க வேண்டும்.

பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தும் எர்த் வயர் இல்லாமல் இருக்கலாம். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோகக் கூட்டோடு இணைந்தவை. ஆம்ப்புக்குள் ஒரு வயர் கழன்று கூட்டைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது இஎல்சிபி விழும். எர்த் இல்லாவிட்டால் தந்தியிலேயே 230 வோல்ட் நிற்கும். உங்கள் கையும் அதே தந்தியில்தான் இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஸ்டோன் த குரோஸ் பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சீ நகரில் மேடையில் இருந்தபோது, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976ல் தன் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார்.

எர்த் பின்னைக் கழற்றினால் சில சமயம் உறுமல் குறையும் என்பது உண்மைதான். இரண்டு கருவிகள் வெவ்வேறு சாக்கெட்டில் எர்த் ஆகி உண்டாகும் சுழலை அது அறுக்கிறது. அதற்கு எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினாலே பெரும்பாலும் போதும். எர்த்தைத் தொடவே வேண்டாம்.

'உஸ்' சத்தம் கெய்னுக்கு நாம் கொடுக்கும் விலை. அதற்குக் கேட் போதும். ஆனால் உறுமல் ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கலாம், கேட் அதையும் சேர்த்து மூடிவிடும். அதனால் பெடலுக்கு ஆர்டர் போடும் முன் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, உங்கள் பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.