கச்சேரிக்கு முன்னால் ஒரு பட்டறை

பாலக்காடு என்றதும் இசை ரசிகர்களுக்கு மிருதங்க மேதை மணி ஐயர் நினைவுக்கு வருவார். பெருவெம்பு நினைவுக்கு வருவது அபூர்வம். நகரை அடுத்துள்ள இந்தச் சிற்றூரில் கடச்சிக் கொல்லர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம், மத்தளம், செண்டை, திமிலை என்று தோல் வாத்தியங்கள் செய்துவருகின்றன.

மிருதங்க வேலை பலாமரத்தில் தொடங்குகிறது. நன்கு காய்ந்த, விரிசல் இல்லாத கட்டையைக் குடைந்து இழைக்க வேண்டும். ஆனால் கைத்திறனுக்கு உண்மையான சோதனை தோல்தான். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் தேவை. மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்திய தோலை விரலால் தடவிப் பார்த்தே எது எந்த இடத்துக்கு ஆகும் என்று தீர்மானிக்கிறார்கள். கனம் சற்றே பிசகினாலும் சுருதி நிற்காது.

வலந்தலையின் நடுவே உள்ள கறுப்பு வட்டம்தான் மிக நுட்பமான கட்டம். இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்து, வெந்த சோற்றுடன் பிசைந்து பூச வேண்டும். வழுவழுப்பான கல்லால் தேய்த்து, காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் சோறு பெயர்ந்துவிடும்.

இந்தக் கறுப்பு வட்டம் விஞ்ஞானி சி. வி. ராமனையும் ஈர்த்தது. சாதாரண முரசுத் தோலிலிருந்து எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இசையாதவை. நடுவில் பாரம் ஏற்றியதும் அவை தந்தி வாத்தியத்தின் ஒலிகளைப் போல இசைவான வரிசையில் அமைகின்றன என்று 1920-லும் 1934-லும் வெளிவந்த தமது ஆய்வுகளில் அவர் விளக்கினார். சமன்பாடு எதுவும் இல்லாமல், காதை மட்டுமே நம்பிப் பட்டறைக்காரர்கள் எட்டிய முடிவு அது.

இருந்தும் மேடையில் அவர்களுக்கு இடமில்லை. மணி ஐயரின் (1912-81) நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற தலித் கிறிஸ்தவக் கைவினைஞரின் உழைப்பு இருந்தது. தோலைத் தொட்டு வாசிப்பவர் வித்வான். தோலைப் பதப்படுத்துபவர் தீண்டத்தகாதவர். இந்த முரண்பாட்டை 2020-ல் வெளிவந்த ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் பாடகர் டி. எம். கிருஷ்ணா விரிவாகப் பதிவு செய்தார்.

பாலக்காட்டு மத்தளத்துக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த அங்கீகாரம் ஊரின் பெயருக்குத்தான். செய்த கைகளுக்கு அல்ல. செயற்கைத் தோல் பூட்டிய மிருதங்கங்களும் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு வெயிலில் உலர்த்தும் வேலையும் இல்லை, தோல் நாற்றமும் இல்லை. தந்தையின் பட்டறையில் உட்காரலாமா, வேறு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் இளைஞனிடம் பாரம்பரியத்தின் பெருமையை மட்டும் பேசிப் பயனில்லை. கூலியும் மரியாதையும் சேர்ந்து கிடைத்தால்தான் அவன் கல்லைக் கையில் எடுப்பான்.

கச்சேரி முடிவில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்லி நன்றி கூறுவது வழக்கம். வாத்தியம் செய்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும்.