கஞ்சியும் கரங்களும்

நோயாளி ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். உற்றாரும் உறவினரும் பழங்களுடன் பார்க்க வருகின்றனர். ‘மருந்தெல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?’ என்று வினவுகின்றனர். ‘வேளை தவறுவதே இல்லை’ என்று நாமும் பெருமையோடு விடை பகர்கிறோம். பத்து நாள் சென்று உடை மாற்றும்போது பார்த்தால், இடுப்பின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்திற்குத் தோல் சிவந்து கிடக்கிறது. இன்னும் சில நாளில் அது புண்ணாகிவிடுகிறது. மருத்துவர் மீது குறையில்லை. மருந்தின் மீதும் குறையில்லை. அப்படியானால் குறை எங்கே?

இக்கேள்விக்கு விடை கண்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1859ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலில், படுக்கைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் நோயன்று, பராமரிப்பில் நேர்ந்த குறையே என்று அஞ்சாமல் எடுத்துரைத்தார். அந்நூலை அவர் செவிலியருக்கான பாடப் புத்தகமாக எழுதவில்லை. வீட்டில் நோயாளியைப் பேணும் சாதாரணப் பெண்களுக்காகவே எழுதினார் என்பது நாம் கருதத்தக்கது.

பராமரிப்பின் வல்லமையை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையே அதற்குச் சான்று பகர்கிறது. திருப்புலி நாடு, வாழவந்தி நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்து விளங்கும் மலை அது. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டிகள் ஏறுகின்றன. நல்ல பாதை இல்லாத அக்காலத்திலோ நோயாளியை டோலியில் வைத்துத் தோளில் சுமந்துதான் சமவெளிக்கு இறக்க வேண்டும். இறக்க வழியில்லையேல், அவர் பிழைப்பதும் பிழையாததும் பாயருகே இருப்பவர் கையில்தான்.

அம்மலைக்கு 1913ஆம் ஆண்டில் ஒரு தம்பதியர் வந்து குடியேறினர். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்பது அவர்தம் பெயர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர். கணவர் ஓராண்டு மருத்துவப் பயிற்சி மட்டுமே பெற்றவர். மனைவியோ ஓவியம் பயின்றவர். 1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகை உலுக்கிய இன்புளுயன்சா காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நோய்க்கு அஞ்சிய மக்கள் படுத்தவர்களைக் கைவிட்டு ஓடினர். காய்ச்சலோடு பசியும் தாகமும் சேர்ந்து நோயாளிகளை வாட்டின.

அத்தம்பதியர் செய்தது என்ன? பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சினர். சுத்தமான நீரும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, எழ இயலாதவர்க்குக் கரண்டியால் ஊட்டினர். அவ்வளவே! தங்களை எதிர்த்துவந்த பூசாரியும் அவர் மனைவியும் அக்காய்ச்சலில் வீழ்ந்தபோதும் அவ்வாறே தொண்டு செய்தனர். உயிர் பிரியும் தறுவாயில் அப்பூசாரி தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். எந்தச் சொற்பொழிவும் சாதிக்காததை ஒரு கரண்டிக் கஞ்சி சாதித்துவிட்டது.

இத்தம்பதியருக்கு 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையிலேயே பிறந்த மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் கைகளையும் கால்களையும் ஆராய்ந்தார். நோயினாலேயே விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. அவரோ, உணர்ச்சி அற்றுப்போவதால் காயமும் அழுத்தமும் தெரியாமற் போகின்றன. அதனாலேயே பெரும்பாலான புண்கள் உண்டாகின்றன என்று எடுத்துக் காட்டினார். வலி நமக்குப் பகையன்று, காவலன் என்பது அவர் தம் வாழ்நாளெல்லாம் போதித்த பாடம்.

இப்பாடத்தை நோயாளியின் படுக்கையருகே வைத்துப் பாருங்கள். நாம் இரவில் உறங்கும்போதே எத்தனை முறை புரள்கிறோம்! ஒரே பக்கம் கிடந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்குகிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. உடனே உடல் நம்மை அறியாமலே நம்மைப் புரட்டிவிடுகிறது. பக்கவாதத்தால் படுத்தவருக்கோ, மயக்கத்தில் கிடப்பவருக்கோ, அந்தக் காவலன் இல்லை. இருந்தாலும் புரளச் சக்தியில்லை. ஆகவே அவருக்காக உணர்ந்து அவரைப் புரட்ட இன்னொருவர் வேண்டும். அவரே செவிலி, வீட்டில் அவர் தாயாகவோ மருமகளாகவோ மகனாகவோ இருக்கலாம்.

செவிலியர் பள்ளியில் சேரும் இளம் பெண்கள் ஊசி போடக் கற்கவே ஆவல் கொள்வர். ஆசிரியையோ முதலில் கை கழுவவும் படுக்கை விரிக்கவும் கற்பிக்கிறார். அதன் காரணம் இப்போது விளங்கும். அவர்கள் கற்பவற்றுள் நம் இல்லங்களுக்கு உகந்த சிலவற்றை இங்கே தருகிறோம்.

கை கழுவுதல்: நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பு நீரால் விரலிடுக்குவரை தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கு 40 நொடிக்குக் குறையாமல் ஆகும்.

படுக்கை: விரிப்பில் சுருக்கமோ, உணவுத் துணுக்கோ, ஈரமோ இருத்தலாகாது. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும்.

புரட்டுதல்: இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது பொது வழக்கு. இழுத்தால் தோல் உராயும். ஆகையால் விரிப்போடு சேர்த்து இருவர் தூக்கி மாற்றுவதே நன்று. குதிகால், இடுப்பின் பின்புறம், முழங்கை, தோள், பின்னந்தலை ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பின் சிவந்தால் இரத்த ஓட்டம் உண்டு. வெளுக்காமலே சிவந்திருந்தால் அது புண்ணின் தொடக்கம். கருத்த மேனியில் சிவப்புத் தெரியாது போகலாம். அங்கே சூடு, வீக்கம், கடினம் உண்டா என்று தொட்டுப் பாருங்கள். முற்காலத்தில் அவ்விடத்தை ஸ்பிரிட்டால் தேய்த்துப் பவுடர் பூசுவர். தேய்த்தால் உள்ளிருக்கும் தசை மேலும் கெடும் என்று இன்று அறிந்திருக்கிறோம். தேய்க்காதீர்கள், அவ்விடத்தில் பாரம் விழாமற் செய்யுங்கள்.

உணவூட்டல்: நன்றாக விழித்திருப்பவருக்கே வாய்வழி உணவு. நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்டி, விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். உண்டபின் அரைமணி நேரம் சாய்க்காதிருப்பது நலம். இருமினால் நிறுத்துக. மயங்கிக் கிடப்பவர் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றுதல் கூடவே கூடாது. அது மூச்சுக் குழலுள் இறங்கிவிடும். உணவுக்குப் பின் வாயைத் துப்புரவு செய்தலும் இன்றியமையாதது.

கவனித்தலும் குறித்தலும்: காய்ச்சல், நாடித் துடிப்பு, மூச்சு, குடித்த நீர், கழித்த சிறுநீர் ஆகியவற்றை ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள். மூச்சை அவர் அறியாதவாறு ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். ஓய்ந்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இயல்பு. மூச்சு வாங்கினாலோ, நினைவு தடுமாறினாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மானம் காத்தல்: உடம்பு துடைக்கும்போது கதவைச் சாத்துங்கள், துடைக்கும் பகுதி தவிர மற்றதைப் போர்த்துங்கள். ‘ஐயா, இப்போது உங்களைத் திருப்புகிறோம்’ என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். படுத்தவர் பேசாவிட்டாலும் அவர் காது கேட்கக்கூடும்.

இவற்றுள் எதற்கேனும் பணம் வேண்டுமா? வேண்டுவது நேரமும் பொறுமையுமே. இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆகவேதான் அச்சுமையை வீட்டிலுள்ள ஒரே பெண்ணின் தலையில் ஏற்றலாகாது. ஆண்மக்களும் முறை வைத்துக்கொண்டு விழித்திருக்கட்டும். பங்கு மக்களும் தெருவிலுள்ள நோயாளியின் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்து, அவ்வீட்டாரை உறங்கச் செய்யட்டும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்வழி, படுத்த படுக்கையானவர்க்கு வீட்டிலேயே பராமரிப்பும் உடற்பயிற்சி உதவியும் கிட்டும். அதையும் கேட்டுப் பெறலாம்.

கணவர் 1929இல் மலையிலேயே காய்ச்சலால் இறந்த பின்னும் எவலின் அம்மையார் மலைமக்களைக் கைவிடவில்லை. முதுமையிலும் மட்டக்குதிரையேறி மலையூர்களுக்குச் சென்று தொண்டு செய்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். நல்ல சமாரியரும் காயத்தைக் கட்டியதோடு நின்றாரல்லர். சத்திரத்திற்குக் கொண்டுபோய் உடனிருந்து கவனித்த பிறகே புறப்பட்டார். நோயாளியைப் பார்த்துவிட்டு வருவது நன்று. அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வருவது அதனினும் நன்று.