வீடு கட்டும் செலவும் அளவுக் கணக்கும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரு காரியங்களுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. தொடங்கிய பின் பாதியில் நிறுத்த இயலாது. முழுச் செலவு இன்னதென்பதோ முடிந்த பின்னரே தெரிய வருகிறது. கலியாணமாவது ஓரிரு நாட்களில் நடந்தேறிவிடும். வீட்டு வேலை பல மாதங்கள் நீளுகிறது. அம்மாதங்களில் சிமெண்டு, கம்பி, மணல், கூலி ஆகியவற்றின் விலைகள் ஒரே நிலையில் நிற்பதில்லை. கையிருப்புப் பணம் கூரை மட்டத்தை எட்டுமுன் தீர்ந்துபோவதும், சுவர்கள் மட்டும் எழுந்து நின்ற வீடு மழையிலும் வெயிலிலும் கிடப்பதும் இதனால் நேருகின்றன.

சித்தூர் மாவட்டத்திலும், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதனின்றும் பிரிந்து தனி மாவட்டமான திருப்பதியிலும் இந்நிலையைக் கண்கூடாகக் காணலாம். ஆந்திரப் பிரதேச அரசாங்கம் 2020 டிசம்பரில் ஏழைகளுக்கு வீட்டு மனைப் பட்டாக்கள் வழங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் தேதி காளஹஸ்திக்கு அருகிலுள்ள ஊரந்தூரிலும் இவ்விழா நடைபெற்றது. நகர்ப்புறத்தில் 1 சென்டும் கிராமத்தில் 1½ சென்டும் மனையாக அளிக்கப்பட்டன. 340 சதுர அடி வீடு ஒன்றிற்கு 1.80 லட்சம் ரூபாய் உதவி என்பது திட்டம். மிகுதிச் செலவு குடும்பத்தைச் சார்ந்தது. பல வீடுகள் முடிவுறாமல் நின்றன. எனவே 2025 மார்ச்சில், முடிவுறாத வீடுகளுக்குக் கூடுதல் உதவியாகப் பட்டியல் வகுப்பினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 50,000 ரூபாயும், பழங்குடியினருக்கு 75,000 ரூபாயும், மிகவும் நலிவுற்ற பழங்குடியினருக்கு 1 லட்சம் ரூபாயும் வழங்க மாநில அரசாங்கம் முடிவு செய்தது. மத்திய அரசாங்கத்தின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்திலோ, 2016இல் சமவெளிப் பகுதிகளுக்கு விதிக்கப்பட்ட 1.20 லட்சம் ரூபாய், 2024 ஆகஸ்டில் திட்டம் நீட்டிக்கப்பட்டபோதும் அதே அளவில் வைக்கப்பட்டது. உதவித் தொகை நிலையானது, செலவு ஏறுவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பள்ளத்தை எவ்வாறு குறுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விலையும் அளவும்

எந்தச் செலவும் இரண்டு எண்களின் பெருக்கமாகும். ஒன்று பொருளின் அளவு. மற்றொன்று அதன் விலை. விலை நம் கையில் இல்லை. 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் உக்ரைனில் மூண்ட போரினால் உலகச் சந்தையில் எஃகு, நிலக்கரி ஆகியவற்றின் விலைகள் உயர்ந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் எஃகின் ஏற்றுமதி மீது வரி விதித்த மத்திய அரசாங்கம், நவம்பரில் அதனை நீக்கிற்று. சிமெண்டின் மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் நூற்றுக்கு 28இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. இம்மாறுதல்களுள் எதனையும் பூத்தலப்பட்டுக் குடியானவரோ திருப்பதி நகரத்துத் தொழிலாளியோ முன்கூட்டி அறியவும் இயலாது, தடுக்கவும் இயலாது.

அளவோ பெரும்பாலும் நம் கையில் உள்ளது. ஆயினும் வீடு கட்டுவோருள் பலர் விலையைப் பற்றியே விசாரித்து, அளவை மேஸ்திரியிடம் விட்டுவிடுகின்றனர். செலவு ஏறியதற்குக் காரணம் கேட்டால் விலைவாசி என்பர். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், ஏறிய தொகையில் ஒரு பகுதி விலையால் ஏறியதன்று, அளவால் ஏறியது என்பது புலப்படும்.

ஓர் உதாரணம் காண்போம். 340 சதுர அடி வீட்டை 17 அடிக்கு 20 அடியாகக் கட்டினால் வெளிச்சுவரின் சுற்றளவு 74 அடி. அதே பரப்பை 10 அடிக்கு 34 அடியாகக் கட்டினால் சுற்றளவு 88 அடி. சுவர் 10 அடி உயரமும் 9 அங்குலக் கனமும் உடையதாயின், இரண்டாவது வீட்டிற்கு 105 கன அடிச் சுவர் மிகுதி. 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் எனச் சாந்துடன் கணக்கிட்டால், ஏறக்குறைய 1,500 செங்கற்கள் மிகுதியாகத் தேவைப்படும். அவற்றிற்கான சாந்து, பூச்சு, கூலி ஆகியன தனி. தங்கும் இடத்தில் ஓர் அங்குலமும் கூடவில்லை. மனையின் வடிவம் இடம் தருமாயின், சதுரத்தை ஒட்டிய அமைப்பே சிக்கனமானது. அவ்வாறே, வேலை நடக்கும்போது "இன்னும் ஓர் அடி உயர்த்துவோம்" என்னும் ஒரு சொல் முதல் வீட்டிற்கு 750க்கு மேற்பட்ட செங்கற்களை விழுங்கிவிடும். ஆகவே கடைக்கால் தோண்டுமுன் வரைபடத்தை முடிவு செய்து, பின்னர் அதனை மாற்றாதிருத்தல் முதல் விதியாகும்.

ஈர மணலின் ஏமாற்று

மணலின் அளவை அறிவதில் ஒரு விஞ்ஞான உண்மை மறைந்துள்ளது. சிறிதளவு ஈரமுள்ள மணலில் ஒவ்வொரு மணியையும் சுற்றி நீர்ப்படலம் ஒன்று அமைகிறது. அப்படலம் மணிகளை விலக்கி நிறுத்துவதால் மணலின் கன அளவு பெருகுகிறது. இதனை மணலின் உப்பல் எனலாம். சாதாரண மணல் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை உப்பும். பொடி மணல் அதனினும் மிகுதியாக உப்பும். மணல் முழுவதும் நீரில் மூழ்கினால் படலம் அழிந்து, உலர்ந்த மணலின் அளவிற்கே அது மீண்டும் அடங்கிவிடும்.

இதனைப் பள்ளிக்கூடத்திலேயே பரிசோதித்துக் காட்டலாம். நேரான பக்கங்களையுடைய கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மணலை அழுத்தாமல் 15 செண்டிமீட்டர் உயரத்திற்கு நிரப்புக. பின்னர் மணலை வேறொரு தட்டில் கொட்டிப் பாத்திரத்தில் பாதியளவு நீர் ஊற்றி, மணலை மீண்டும் அதில் இட்டு ஒரு குச்சியால் நன்கு கிளறுக. படிந்த மணலின் உயரம் 12 செண்டிமீட்டர் என்றால், குறைந்த 3 செண்டிமீட்டரை 12ஆல் வகுக்க வேண்டும். உப்பல் நூற்றுக்கு 25 ஆகும்.

இதன் பொருள் யாது? 100 கன அடி என்று வந்திறங்கிய ஈர மணலில் உண்மையான மணல் 80 கன அடியே. நட்டம் இத்துடன் நிற்பதில்லை. 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் என்று கொத்தனார் கூடையால் அளந்தால், உண்மையில் சேர்வது 4.8 பங்கு மணலே. அதே மணலுக்குச் சிமெண்டு நூற்றுக்கு 25 பங்கு வீதம் மிகுதியாகச் செலவாகிறது. எனவே உப்பலைக் கண்டறிந்து, அதற்கேற்ப மணலைக் கூட்டி அளத்தல் வேண்டும்.

2024 ஜூலை 8ஆம் தேதி முதல் ஆந்திரப் பிரதேசத்தில் மணல் இலவசமாக அளிக்கப்பட்டு வந்தாலும், ஏற்று கூலியும் வண்டிச் சத்தமும் கொடுத்தே தீரவேண்டும். சுவர்ணமுகி, பொன்னை ஆகிய ஆறுகளின் மணல் கிணறுகளின் ஊற்றைக் காப்பதுமாகும். வீணாகும் ஒவ்வொரு கூடையும் பணத்தோடு தண்ணீரையும் வீணாக்குகிறது.

கம்பியைச் சரிபார்க்கும் முறை

கம்பி எடைக்கு விற்கப்படுகிறது. அதன் எடையை அறிய எளிய வாய்பாடு உண்டு. மில்லிமீட்டரில் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் கம்பியின் எடை மீட்டருக்கு 0.617 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள கம்பி ஏறக்குறைய 7.4 கிலோ. 8 மில்லிமீட்டர் கம்பி அதே நீளத்திற்கு 4.74 கிலோ. இறங்கிய கம்பிகளை எண்ணி இவ்வெடையால் பெருக்கிப் பட்டியலுடன் ஒப்பிடுக. தர நிர்ணயம் அனுமதிக்கும் சிறு ஏற்றத்தாழ்வைக் கடந்து வேறுபாடு தோன்றினால், சுமையை ஏற்குமுன் எடை மேடையில் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

சுவரிலும் கூரையிலும் சிக்கனம்

செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பின்மீது நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இதனை நம் நாட்டில் பரப்பினார். சுவரின் கனம் 9 அங்குலமாகவே இருப்பினும் செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையும், சாந்தும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுப்பதால், சித்தூர்ப் பகுதியின் கோடைக்கு இச்சுவர் ஏற்றது. செங்கற்கள் ஒரே அளவாகவும் விளிம்பு சிதையாமலும் இருத்தல் அவசியம்.

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974 முதல் ஆராய்ந்து செம்மை செய்யப்பட்ட அழுத்த மண் கற்களும் கருதத் தக்கவை. மணற்பாங்கான மண்ணுடன் சிறிதளவு சிமெண்டைக் கலந்து, கைப்பொறியில் அழுத்தி, நீர் தெளித்து ஆற்றினால் கல் ஆகிறது. சூளையும் விறகும் வேண்டா. சித்தூர்ப் பகுதியில் பரவலாகக் கிடைக்கும் செம்மண் பெரும்பாலும் இதற்குப் பொருந்தும். களிமண் மிகுந்ததாயின் மணல் சேர்த்துச் சோதித்த பின்னரே உபயோகிக்க வேண்டும்.

கூரையைப் பொறுத்தவரை, கான்கிரீட்டுத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைக் கம்பியே தாங்குகிறது. அங்குள்ள கான்கிரீட்டு பெரும்பாலும் பாரமே. அவ்விடத்தில் கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளைப் பதித்தால் கான்கிரீட்டு குறையும். தளத்தின் பாரம் குறைவதால் கம்பியும் குறையும். ஆனால் இதற்கு பொறியாளரின் கணக்கு இன்றியமையாதது. 1947இல் தொடங்கப்பெற்ற ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த, தரையிலேயே வார்த்து மேலேற்றும் உத்தரமும் பலகையும் கொண்ட கூரைக்குச் சாரமும் அடைப்புப் பலகைகளும் மிகக் குறைவு. ஒரே குடியிருப்பில் பல வீடுகள் எழும்போது இம்முறை நன்கு பயன்படும்.

அருகிலுள்ள பொருளே மலிவான பொருள் என்பதையும் மறத்தலாகாது. சித்தூர்ப் பகுதியில் கடைக்காலுக்குக் கருங்கல்லும், பக்கத்து மாவட்டத்திலிருந்து தரைக்கும் அலமாரிக்கும் கடப்பைக் கல்லும் கிடைக்கின்றன. சந்திரகிரியின் ராஜமகால் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றைக் கொண்டு, மரமின்றிக் கட்டப்பட்டது. உள்ளூர்ப் பொருளின் உறுதிக்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை.

காலமும் வரிசையும்

வேலை நீளும் ஒவ்வொரு மாதமும் கடனுக்கு வட்டியும், குடியிருக்கும் வீட்டிற்கு வாடகையும் சேருகின்றன. இப்பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழை பெய்வதுண்டு. 2021 நவம்பரில் திருப்பதியைச் சூழ்ந்த வெள்ளம் நினைவிருக்கும். தை மாதத்தில் கடைக்கால் இட்டு, ஆடிக்குள் கூரை போடுவது நலம். சிமெண்டை மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கி அடுக்குதலும் தவறு. மூன்று மாதம் கிடந்த சிமெண்டு தன் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடக் கூடும்.

பணம் போதாதென்று தோன்றினால், பெரிய வீட்டைப் பாதியில் நிறுத்துவதைவிடச் சிறிய வீட்டை முழுமையாக முடிப்பதே அறிவுடைமை. ஓர் அறை, சமையலிடம், கழிப்பிடம் ஆகியவற்றைக் கூரையிட்டுக் குடிபுகுந்து, பின்னர் சேர்க்கவேண்டிய அறைக்கு வரைபடத்திலேயே இடம் விட்டு வைக்கலாம். வெளிப்பூச்சு, வர்ணம், பளபளப்பான தரை ஓடு ஆகியன காத்திருக்கும், கூரை காத்திராது.

சிக்கனம் கூடாத இடங்களும் உண்டு. கடைக்காலின் ஆழம், வாயில் ஜன்னல்களுக்கு மேற்பட்ட கான்கிரீட்டுப் பட்டை, தளத்தின் கம்பி ஆகியவற்றில் குறைத்தால், மிச்சமானது பின்னர் பழுதுபார்ப்பில் பன்மடங்காகச் செலவாகும். கான்கிரீட்டைப் பத்து நாட்களுக்குக் குறையாமல் நனைத்து வைத்தலும் அவ்வாறே. நீர் தெளிப்பதற்குச் செலவு சொற்பம். தெளிக்காத தளத்தை எந்தச் செலவாலும் சீர்செய்ய இயலாது.

கள ஊழியர் செய்யத் தக்கது

வீடு கட்டத் தொடங்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு குறிப்பேடு இருக்குமாறு செய்வது கள ஊழியரின் கடமையாகும். அதில் பொருள், அளவு, விலை, தொகை என நான்கு பத்திகள் போதும். கடைக்கால், சுவர், கூரை, பூச்சு என்று நிலைவாரியாக எழுதுக. பொதுப்பணித் துறை மதிப்பீடுகளில் எதிர்பாராச் செலவுக்கென நூற்றுக்கு 3 முதல் 5 வரை ஒதுக்குவது வழக்கம். சொந்தமாக வீடு கட்டுவோர் 10ஆவது ஒதுக்க வேண்டும். மேஸ்திரியுடன் பேசும் கூலியில் எவையெவை அடங்கும் என்பதையும் அதிலேயே எழுதிக் கையொப்பம் பெறுக. விலை மாறும்போது மூன்றாம் பத்தியை மட்டும் திருத்தி, எஞ்சிய பணம் கூரைவரை எட்டுமா என்று கணக்கிடுக. எட்டாதெனத் தெரிந்தால், சுவர் எழும்புமுன் வீட்டைச் சுருக்க அவகாசம் இருக்கும்; சுவர் எழும்பிய பின் அந்த அவகாசம் இராது.

பெரியோர்களுள் பலர் கணக்கெழுதத் தயங்கலாம். அவர்கள் வீட்டில் எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இருப்பின், சுற்றளவும் கன அளவும் சதவீதமும் அப்பிள்ளை கற்றுக்கொண்டிருப்பவையே. அவற்றைப் புத்தகக் கணக்காக நிறுத்தாமல், கட்டப்படும் வீட்டின் கணக்காக ஆசிரியர்கள் செய்யச் சொல்லலாம். மணல் வண்டி வந்து நிற்கும்போது கண்ணாடிப் பாத்திரத்துடன் ஒரு பிள்ளை வாசலுக்கு வருமாயின், அக்கல்வியின் பயனை அக்குடும்பம் அன்றே பெற்றுவிடும்.