கை நழுவினால் பந்து யாருக்குச் சொந்தம்?

தைப்பூசத்திற்கு முதல் நாள். தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துக் கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர். ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள். மாமன் மாப்பிள்ளை முறை. ஆனால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? ஒரு காற்பந்து!

தீபாவளிக்குத் தோட்டத் திடலில் ஆட்டம். மாமன் மகன் கோல்காவலன். அவன் விழுந்து பந்தைத் தரையோடு அமுக்கிய நேரம், மாப்பிள்ளை மகன் ஓடி வந்து உதைத்து விட்டான். பந்து கோலுக்குள் போனது. பையனுக்கு விரல் ஒடிந்தது. நடுவரும் கோல் என்று ஊதி விட்டார்.

"ஒரு கைதானே மாமா பந்து மேலே இருந்தது? முழுசாப் பிடிக்கலையே!"

"பிடிக்காத பந்துக்கா மாப்பிள்ளை என் மகன் விரல் ஒடிஞ்சது?"

பந்தலில் தொண்டு செய்து கொண்டிருந்த பெரியவர் இதைக் கேட்டு விட்டார். ஒரு காலத்தில் நடுவராக ஊதியவர். ரதத்திற்கு முன் உடைக்க வைத்திருந்த தேங்காய் ஒன்றை எடுத்தார்.

"இதுதான் பந்து. இரண்டு கைக்கு நடுவே இருந்தால் காவலனுக்குச் சொந்தம். கைக்கும் தரைக்கும் நடுவே அமுங்கி இருந்தாலும், கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருந்தாலும் அவனுக்கே சொந்தம். விரித்த உள்ளங்கையில் வைத்திருந்தாலும், தரையில் தட்டினாலும், மேலே தூக்கிப் போட்டாலும் அப்படித்தான். அப்போது எதிராளி பந்துக்குப் போட்டி போடவே கூடாது."

"அப்படியானால் எப்போதுதான் உதைக்கலாம்?" என்று கேட்டேன்.

"வேகமாக வந்த பந்தைத் தடுக்கும்போது கையில் பட்டுத் தெறித்தால் உதைக்கலாம். யாரும் இடிக்காமல் தானே கை நழுவ விட்டாலும் உதைக்கலாம். அப்போது பந்து யாருக்கும் சொந்தமில்லை."

கேட்க எளிது. ஆனால் உலக ஆட்டங்களிலேயே குழப்பம் வந்திருக்கிறது. 1971இல் பெல்பாஸ்ட் நகரில், இங்கிலாந்துக் காவலர் கோர்டன் பேங்க்ஸ் உதைப்பதற்காகப் பந்தைத் தூக்கிப் போட்டார். வட அயர்லாந்தின் ஜார்ஜ் பெஸ்ட் அதைக் காலால் தட்டி, தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கோல் இல்லை என்றார் நடுவர். 1990இல் மான்செஸ்டர் சிட்டி காவலர் ஆண்டி டிபில் ஒரு கை விரித்துப் பந்தை ஏந்தி நின்றார். நாட்டிங்ஹாம் பாரஸ்ட் ஆட்டக்காரர் கேரி கிராஸ்பி பின்னாலிருந்து வந்து தலையால் தட்டி கோல் போட்டார். அது கோல் என்று முடிவானது! இன்றைய விதிப்படி அது செல்லாது.

அமெரிக்கர்களின் முட்டை வடிவப் பந்தாட்டத்தில் கதையே வேறு. ஓடுகிறவன் கை நழுவ விட்டால், அள்ளியவனுக்கே பந்து. ஆனால், எதிராளி தொட்டு அவன் முழங்கால் தரையில் பட்ட பிறகு நழுவினால், ஆட்டம் முன்பே நின்று விட்டதாகக் கணக்கு. எது முதலில் நடந்தது என்பதில்தான் சண்டை!

நமக்கும் பெயர் சொல்ல ஒரு காவலர் இருந்தார். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய ஆர். ஆறுமுகம். 1980இல் தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவின் காவலர். நாடு புறக்கணித்ததால் குழு போகவில்லை. 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அவரைப் பார்த்துக் கையுறை மாட்டிய தோட்டத்துப் பையன்கள் எத்தனை பேர்!

காவலனுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2025 முதல், பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். முன்பு 6 விநாடி. தண்டனை மறைமுக ஃப்ரீ கிக்.

பெற்றோர்களே, ஆட்டத்திற்கு முன் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: காவலன் கை பந்தின் மேல் இருந்தால் காலை இழுத்துக்கொள். ஒரு கோல் போனால் இன்னொன்று போடலாம். பால் வெட்டவும் பேனா பிடிக்கவும் விரல் வேண்டுமே!

பெரியவர் தேங்காயைத் திரும்ப வைத்தார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாப்பிள்ளை மோர்க் குவளை ஒன்றை எடுத்து மாமனிடம் நீட்டினார்.

"தம்பிக்கு விரல் இப்போ எப்படி இருக்கு, மாமா?"