முதுமைச் செவித்திறன் குறைவு

முதுமைச் செவித்திறன் குறைவு என்பது வயது கூடக்கூட இரு காதுகளிலும் மெல்ல மெல்ல ஏற்படும் கேட்டல் குறைவு ஆகும். மருத்துவத்தில் இதைப் பிரஸ்பைகூசிஸ் என்பர். இது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மறைகின்றன.

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். அந்த மேல் எல்லை சிறுவயதுக்கு உரியது. வளர்ந்தவர்களில் பலருக்கு அது 15,000 முதல் 17,000 ஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடும்; முதுமையில் இன்னும் இறங்கும். பாடநூல்கள் இதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம்.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு உள்ளது. அதை நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் இருக்கும். ஆர்மோனியக் கட்டைகளைப் போல, அதன் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கு உரியது. நடுச்செவியை ஒட்டிய அடிப்பகுதி உயர்ந்த ஒலிகளையும், சுருளின் நுனி தாழ்ந்த ஒலிகளையும் ஏற்கும். ஒலி அலை காக்ளியாவுக்குள் பரவும் விதத்தைக் கண்டறிந்த கியோர்க் வான் பேக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். அங்குள்ள நுண்ணிய மயிர்க்கலங்களே அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுகின்றன. இவை ஒரு காதில் சுமார் 15,000 மட்டுமே, பிறவியிலேயே அமைந்தவை. பறவைகளுக்கு இவை மீண்டும் வளரும், நமக்கு வளராது. மூப்பின் தேய்வு பெரும்பாலும் அடிப்பகுதியில் தொடங்குகிறது. இரைச்சல், பரம்பரை, நீரிழிவு, சில மருந்துகள் ஆகியன அதை விரைவுபடுத்தும்.

இந்த வேறுபாட்டை வைத்து 2005இல் பிரிட்டனின் வேல்சு பகுதியில் 'மஸ்கிட்டோ' என்ற கருவி வந்தது. கடைவாசலில் கூடும் இளைஞர்களை விரட்ட, அது சுமார் 17,400 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பியது; பெரியவர்களில் பெரும்பாலோர் காதில் அது விழவில்லை. மாணவர்கள் விடுவார்களா? அதே வகை ஒலியைக் கைப்பேசி அழைப்பொலியாக்கி, ஆசிரியர் அறியாமல் வகுப்பிலேயே பயன்படுத்தினர்.

17,000 ஹெர்ட்ஸ் கேட்காததால் அன்றாட வாழ்வில் இழப்பு ஒன்றுமில்லை. குறைவு 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்போதுதான் தொல்லை. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்தவை, வலுவானவை. ஸ், ச், ஃப் போன்ற மெய்யொலிகள் உயர்ந்தவை, மெலிந்தவை. உயிரொலி கேட்டு மெய்யொலி நழுவினால் 'கட்டி', 'தட்டி', 'பட்டி' மூன்றும் ஒன்றுபோலாகும். பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். அதில் 'ஸ்', 'ஃப்' இரண்டையும் பிரித்தறிய இளைஞரும் திணறுவர். வீட்டுப் பெரியவரின் நிலை ஏறக்குறைய அதுவே.

"பேசுவது கேட்கிறது, என்ன என்றுதான் புரியவில்லை" என்று அவர் சொல்வது சாக்கு அல்ல. 'வேண்டியது மட்டும் காதில் விழும்' என்று வீட்டில் கேலி செய்வது அநியாயம். கத்துவதாலும் பயனில்லை: அது உயிரொலியையே பெரிதாக்கும், காதுக்கும் வலிக்கும். முகத்துக்கு நேரே நின்று, தொலைக்காட்சியைக் குறைத்துவிட்டு, நிறுத்திப் பேசினால் உதட்டசைவும் துணைசெய்யும்.

செவித்திறன் சோதனையில் வழக்கமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை அளப்பர். அதற்கேற்பக் கேட்பொலிக் கருவியில் குறைந்த பகுதியை மட்டும் கூட்டி வைக்கலாம். புதிய ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும்; முதல் நாளே கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவோர் பலர்.