மாடித் தொட்டியும் மலேரியாவும்

சின்ன வயசில் ராயபுரத்தில் இருந்தபோது எனக்கு மலேரியா வந்தது. மாத்திரை சாப்பிட்டு ஒரு வாரத்தில் ஸ்கூலுக்குப் போய்விட்டேன். நாலு மாசம் கழித்து மறுபடி அதே குளிர், அதே நடுக்கம். "திரும்பவும் கொசு கடிச்சிருக்கு" என்றார் அம்மா. கொசு கடிக்காமலும் அது திரும்ப வந்திருக்கலாம் என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆச்சு.

சென்னை மலேரியா பெரும்பாலும் பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொன்றுவிடும், காய்ச்சலும் விட்டுவிடும். ஆனால் கல்லீரலில் ஒரு பங்கு தூங்கிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து எழுந்து வரும் (எங்கள் தொழிலில், ரிலீஸ் முடிந்து எல்லோரும் மறந்தபிறகு வெளிவரும் பக் மாதிரி). அதைக் கொல்ல பிரைமாகுயின் 14 நாள் சாப்பிடணும். மூணாம் நாளே காய்ச்சல் விட்டு, ஹார்பருக்கு லோடு ஏற்றப் போய்விட்ட ஒருவர் பதினாலு நாளும் ஞாபகமாகச் சாப்பிடுவாரா?

இந்தச் சிக்கலுக்காக வந்ததுதான் டாஃபெனோகுயின். ஒரே வேளை போதும். ஏழைகளின் நோய்க்கு மருந்து செய்வதில் லாபம் குறைவு. அதனால் 1999இல் ஜெனீவாவில் தொடங்கிய 'மெடிசின்ஸ் ஃபார் மலேரியா வென்ச்சர்' என்ற லாபநோக்கற்ற அமைப்பு, கிளாக்ஸோஸ்மித்கிளைன் கம்பெனியோடு கைகோத்து இதைக் கொண்டுவந்தது. 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஜி6பிடி என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு இரண்டு மருந்துமே சிவப்பணுக்களை உடைக்கும். பிரைமாகுயினைப் பாதியில் நிறுத்திவிடலாம். ஒரே வேளை மருந்தை விழுங்கினபிறகு என்ன செய்வது? அதனால் முதலில் ரத்த டெஸ்ட் கட்டாயம்.

சர்வதேசக் கூட்டு நம்ம ஊருக்கும் வந்திருக்கிறது. 2010இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியில், நியூயார்க் பல்கலைக்கழகமும் நமது தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊர்களில் சென்னையும் ஒன்று. மற்றவை நடியாத், ரூர்கேலா.

இனி கொசுவுக்கு வருவோம். 2002இல் தொடங்கிய குளோபல் ஃபண்ட் உலகெங்கும் கோடிக்கணக்கில் மருந்து தோய்த்த வலைகள் வழங்கியது. நள்ளிரவில் வீட்டுக்குள் கடிக்கும் ஆப்பிரிக்கக் கொசுவுக்கு அது நல்ல ஆயுதம். நம்ம ஊர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி சாயங்காலமே, வெளியிலும் கடிக்கும். எல்லோரும் பக்கிங்காம் கால்வாயைத் திட்டுகிறோம். அங்கே வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ். ஸ்டீபன்சிக்கு நல்ல தண்ணி வேணும். மாடித் தொட்டி, கிணறு, சம்ப். பைப்பில் நேரத்துக்குத்தான் தண்ணி வரும் என்பதால் நாம் பிடித்துச் சேர்த்து வைக்கிறோமே, அங்கேதான்.

இதே கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் துறைமுக நகரமான ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த வருஷம் அந்த நாட்டில் 27 மலேரியா நோயாளிகள். 2020இல் 73 ஆயிரத்துக்கும் மேல். சரக்குக் கப்பலில் போயிருக்கலாம் என்பது பலரின் ஊகம். சென்னையிலிருந்து போனது என்று சொல்லிவிட வேண்டாம். மரபணு ஒப்பீட்டில் எத்தியோப்பியாவில் பிடித்தவை பாகிஸ்தான் கொசுக்களோடு நெருக்கமாக இருந்தன. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தடுக்கத் தனித் திட்டமே அறிவித்தது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கிய இலங்கையிலும், கொஞ்ச நாளிலேயே மன்னாரில் இந்தக் கொசு பிடிபட்டது.

ஆக, ஆப்பிரிக்கா இப்போது கற்றுக்கொள்ள வேண்டியது நம்ம கார்ப்பரேஷன்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்வதை: ஏணி போட்டு ஏறித் தொட்டியைப் பார்ப்பது, அபேட் மருந்து ஊற்றுவது, கிணற்றில் கம்பூசியா மீன் விடுவது. அவர்களை மாடிக்கு விடாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கு.

எழுதி முடிக்கும் முன் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடிக்கும் போய்ப் பார்த்தேன். தொட்டி மூடியில் ஒரு மூலை உடைந்து கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. எப்போதிலிருந்து என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இப்போதைக்கு நைலான் வலை கட்டியிருக்கிறேன்.